ஏற்காடு மலையில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், ஒரு காப்பர்-டி: ஐந்துக்கு நாலு

முதலில் செலவுக் கணக்கு. சனிக்கிழமை ராத்திரி நடந்த ஒரு கவனக்குறைவுக்காக ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் அலைந்ததில் பஸ், ஆட்டோ, தனியார் ஆஸ்பத்திரி ஃபீஸ், மனசு நொந்து சாப்பிட்ட ஒரு தட்டுவடை செட் எல்லாம் சேர்த்து 780 ரூபாய் போனது, கைக்கு ஒன்றும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வீட்டிலிருந்து இருபது நிமிஷம் நடந்து போய், ஒரு பைசா கொடுக்காமல், கர்ப்பம் ஆகாமல் தடுக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கிற காப்பர்-டி வளையத்தைப் போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் காரியம் முடிந்தது. அந்த இடத்துக்குத்தான் இந்த விமர்சனம். எந்த ஆரம்ப சுகாதார நிலையம் என்று பெயர் போடவில்லை. மலைமேல் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், அதுதான் என் பிரச்சினையின் பாதியே.

எனக்கு 34 வயது. ஏற்காட்டில் ஒரு ஹோம்ஸ்டேவுக்குக் கணக்கு எழுதுகிறேன், வீட்டுக்காரர் மிளகும் காப்பியும் வாங்கி விற்கிறார். ஒன்பது வயதில் ஒரு பெண், ஐந்து வயதில் ஒரு பையன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த குடும்பக் கட்டுப்பாட்டு முறைக்குப் பெயர் "நான் பாத்துக்கறேன்". என்ன சொல்கிறேன் என்று புரிந்திருக்கும். கடைசி நேரத்தில் விலகிக்கொள்வது. கூடவே நான் காலண்டரில் வட்டம் போட்டு நாள் எண்ணுவேன், அவர் அவ்வப்போது ஆணுறை வாங்கி வருவார், தீர்ந்தால் அடுத்த பாக்கெட்டுக்கு மூன்று மாதம் ஆகும். இந்த ஏற்பாட்டில் விழுந்த முதல் ஓட்டை இப்போது யு.கே.ஜி. படிக்கிறான். அவன் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது, ஆனால் அந்த இரண்டு கோடு தெரிந்த காலையில் நான் பாத்ரூமில் உட்கார்ந்து அழுததும் நிஜம்தான், இரண்டும் ஒரே மனுஷிக்கு நடக்கும்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் விரல் விட்டு எண்ணினால் பன்னிரண்டாவது நாள். வகையாக மாட்டியிருக்கிறோம். எங்கள் ஊர் மெடிக்கலில் போய்க் கேட்க முடியாது, கடைக்காரர் என் மாமனாரோடு தினமும் டீ குடிக்கிறவர். ஞாயிறு முழுக்க யோசித்தே போனது, நடுவில் ஒண்டிக்கடை வரைக்கும் ஆட்டோ பிடித்துப் போய், கடையில் தெரிந்த முகம் இருப்பதைப் பார்த்துவிட்டு, இருமல் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். திங்கள் காலையில் முதல் வேலையாக பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் போனேன்.

கேட்டது ஐ-பில், கவனம் தவறிய பிறகு கர்ப்பம் ஆகாமல் தடுக்கப் போடுகிற மாத்திரை. உள்ளே இருக்கிற மருந்து லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடிய மாத்திரைதான், வட இந்திய டிவி சேனல்களில் ஒரு காலத்தில் பற்பசைக்கு இணையாக விளம்பரம் வந்தது. நம் தமிழ்நாட்டில் மட்டும் என்ன சாபமோ, கடையில் இருக்காது. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நாலு ரோடு வரைக்கும் நாலு கடை ஏறினேன். முதல் கடையில் "அதெல்லாம் நாங்க வைக்கறதில்லீங்க". இரண்டாவதில் சீட்டு கேட்டார்கள். சீட்டு இருந்தால் தருவீர்களா என்றேன், இல்லை என்றார்கள், அப்புறம் எதற்குக் கேட்டார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. மூன்றாவது கடைக்காரர் என் தாலியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், "கலைக்கிற மாத்திரை விக்கமாட்டோம்மா" என்றார், பக்கத்தில் இருமல் சிரப் வாங்க நின்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நாலாவது கடைப் பையன் கொஞ்சம் இரக்கப்பட்டு, குரலைத் தாழ்த்தி, "ஓசூர் தாண்டி பெங்களூர் போனா கிடைக்கும்க்கா" என்றான். 72 மணி நேரத்தில் பெங்களூர் போய்த் திரும்புவதா!

அந்த மூன்றாவது கடைக்காரருக்கு ஒரு வார்த்தை. அது கலைக்கிற மாத்திரை இல்லை. கருமுட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடுகிற மாத்திரை. ஏற்கெனவே கரு தங்கிவிட்டால் அதை ஒன்றும் செய்யாது. கலைப்பதற்கு மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்று வேறு மாத்திரைகள் இருக்கின்றன, அவற்றுக்கு டாக்டர் வேண்டும், சட்டம் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு முதலாவதைத் தராமல் அனுப்பினால், ஆறு வாரம் கழித்து அதே பெண் இரண்டாவதைத் தேடி வருவாள். மருந்து படித்தவருக்கு இது தெரியாமல் இருக்காது, தெரிந்தும் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கோபம்.

அப்புறம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்து, மூன்று நிமிஷம் பார்த்தார்கள். "பீரியட்ஸ் தள்ளிப்போனா வாங்க, ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கலாம்." தள்ளிப்போகக் கூடாது என்பதற்குத்தானே வந்தேன்! இதற்கு மதிப்பெண் போடுவதென்றால் ஐந்துக்கு அரை, அதுவும் ஏசி நன்றாக வேலை செய்ததற்கு.

செவ்வாய்க்கிழமை வேறு வழியில்லாமல் ஆரம்ப சுகாதார நிலையம். முதல் நாளே ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். அங்கே இருக்கிற கிராம சுகாதார செவிலியர் அக்காதான் என் இரண்டு பிரசவத்துக்கும் வீட்டுக்கு வந்து எடை பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தவர். மாமியாருக்கு நல்ல பழக்கம். அந்தக் கூச்சத்துக்குத்தான் 780 ரூபாய்.

சீட்டு போட்டதும் பிரஷர் பார்த்து பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். தடுப்பூசி நாள் வேறு, கைக்குழந்தைகள் ஒரே அழுகை, வெளியே மழைத் தூறல், இரண்டு மணி நேரம் ஆகும் என்று தெரிந்தது. படபடப்பை அடக்க, பெங்களூரில் படித்தபோது என் அறையில் இருந்த ஈரான்காரிக்கு மெசேஜ் போட்டேன். ஷிராஸ் ஊர்க்காரி, இப்போது ஜெர்மனியில் இருக்கிறாள். அவளிடம் எதையும் சொல்லலாம். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்புப் பொம்மையாக அனுப்பிவிட்டு, "எங்க ஊர்ல அதுக்குப் பேரே இயற்கை முறை" என்றாள். அவளுடைய சித்தி மகன் அந்த இயற்கை முறையில் பிறந்தவனாம். அக்கா மகளும்.

ஈரான் என்றதும் நமக்குத் தோன்றுகிற படம் வேறு. பெண்களுக்கு ஒன்றும் தெரியாது, ஒன்றும் கிடைக்காது என்று நினைப்போம். நானும் அப்படி நினைத்திருந்தவள்தான், அறைத்தோழிதான் அப்போதே ராத்திரி ராத்திரியாகப் பேசி மாற்றினாள். 1986 கணக்கெடுப்பில் ஜனத்தொகை ஐந்து கோடியை நெருங்கிவிட்டது தெரிந்து அரசாங்கம் பயந்து, 1989-இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை மறுபடி ஆரம்பித்தது. கிராமத்துக்குக் கிராமம் "சுகாதார வீடு", அதில் அந்த ஊர்க்காரர் ஒருவரையே படிக்க வைத்து உட்கார வைத்தார்கள், பெஹ்வர்ஸ் என்று பெயர், நம் கிராம சுகாதார செவிலியர் மாதிரி. மாத்திரை, ஊசி, காப்பர்-டி, ஆணுறை எல்லாம் இலவசம், ஆணுறை செய்ய அரசு ஆதரவில் தொழிற்சாலை, ஆண்களுக்குக் கத்தி இல்லாத குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் (வாசக்டமி). கல்யாணப் பதிவுக்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் கருத்தடை வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டியிருந்தது. ஒரு பெண்ணுக்கு ஆறு குழந்தைக்கு மேல் என்றிருந்த நாடு, 2000 வாக்கில் இரண்டுக்கு வந்துவிட்டது. உலகத்தில் அவ்வளவு வேகமாக இறங்கிய நாடுகள் மிகக் குறைவு.

இப்போது வேடிக்கை. அதே 2000-இல் அங்கே நாடு தழுவிய ஆய்வு எடுத்தபோது, கல்யாணமான பெண்களில் 100-க்கு 74 பேர் ஏதோ ஒரு கருத்தடை முறையைக் கடைப்பிடிக்கிறார்கள். அப்படியிருந்தும் ஏறக்குறைய மூன்றில் ஒரு கர்ப்பம் எதிர்பாராதது! ஆய்வுக்காரர்கள் அதை இரண்டாகப் பிரிப்பார்கள், "இப்போ வேண்டாம்னு இருந்தேன்" என்பது ஒன்று, "இனிமே வேண்டவே வேண்டாம்னு இருந்தேன்" என்பது இன்னொன்று. ஈரானில் இரண்டும் ஏறக்குறைய சரிபாதி. (என் பையன் முதல் வகை, சனிக்கிழமை நடந்தது இரண்டாவது வகையில் போயிருக்கும்.) இவ்வளவு பேர் முறையைக் கடைப்பிடித்தும் எப்படி என்று பார்த்தால், இந்த 74-இல் பதினெட்டு பேர் போலப் பிடித்திருந்தது இயற்கை முறைதான். அதுவும் படிக்காத கிராமத்துப் பெண்கள் இல்லை, நகரத்தில் இருக்கிற, காலேஜ் படித்த பெண்கள்தான் அதில் அதிகம். மாத்திரை போட்டால் உடம்பு பெருத்துவிடும், வளையம் போட்டால் ரத்தமாகக் கொட்டும், நம்ம ஆள் கவனமாக இருப்பார் என்ற நினைப்பு அவர்களுக்கு. அறைத்தோழியின் சித்தி டீச்சராம். எதிர்பாராமல் உண்டானவர்களில் நிறையப் பேர் அந்த நேரத்தில் ஏதாவது ஒரு முறையைக் கடைப்பிடித்துக்கொண்டு இருந்தவர்கள்தான், ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அவள் அனுப்பிய இந்தக் கணக்கைப் படித்தபோது கொஞ்சம் சுருக்கென்றது. நானும் பி.காம். படித்தவள். விலகிக்கொள்ளும் முறையை நம்பியிருக்கிற 100 தம்பதிகளில் ஒரு வருஷத்தில் 20 பேர் போல கர்ப்பமாகிறார்கள். காப்பர்-டி போட்டவர்களில் அது 100-க்கு ஒன்றுக்கும் குறைவு. இந்தக் கணக்கு தெரியாமலா இருந்தேன்? தெரியும். நமக்கு நடக்காது என்ற நினைப்புதான்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். இப்போது அங்கே காற்று மாறிவிட்டது. பிள்ளை குறைகிறது என்று 2012-இல் திட்டத்துக்குப் பணத்தை நிறுத்தினார்கள், 2014-இல் மேலிடத்திலிருந்து ஜனத்தொகையைப் பெருக்கச் சொல்லிக் கொள்கை வந்தது, 2021-இல் சட்டமே போட்டு அரசு மருத்துவ நிலையங்களில் இலவசக் கருத்தடைச் சாதனம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், விருப்பப்பட்டுக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொள்ளவும் தடை. தவறி உண்டாகிவிட்டால் கலைப்பதற்கும் வழி இல்லை. 2005 சட்டப்படி தாய் உயிருக்கு ஆபத்து அல்லது கருவுக்குக் கடும் நோய் என்று மூன்று நிபுணர்கள் சொன்னால், அதுவும் நாலு மாதத்துக்குள் என்றால், செய்யலாம் என்று இருந்தது, 2021 சட்டம் அதையும் இறுக்கிவிட்டது. மற்றவர்கள் எல்லாம் மறைவாகத்தான். "நீ பெஞ்சில உக்காந்து அலுத்துக்கறே, எங்க அக்காவுக்கு அந்தப் பெஞ்சையே தூக்கிட்டாங்க" என்று எழுதினாள். அதற்கு மேல் நான் மழையைப் பற்றிப் புலம்பவில்லை.

அப்போதுதான் உள்ளேயிருந்து ஒரு குரல், ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி. "லூப் போட வந்தவங்க யாரும்மா?" நான் அல்ல, வேறு ஒரு பெண், பாவம், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து போனாள். இதற்கு அரை நட்சத்திரம் வெட்டு. டோக்கன் நம்பர் கொடுத்துவிட்டு ஏன் வியாதியைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்?

உள்ளே அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. "இதுக்கா கண்ணு சேலம் வரைக்கும் போனே?" என்று பீரோவைத் திறந்தார். உள்ளே ஈசி பில் என்று அதே மருந்து, அரசு சப்ளை, அட்டை அட்டையாக. நான் நாலு கடை ஏறி இறங்கியபோதெல்லாம் அது என் வீட்டிலிருந்து இருபது நிமிஷத் தூரத்தில் இலவசமாகத் தூங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா!

மாத்திரையைக் கையில் கொடுக்காமல் முதலில் உட்கார வைத்துப் பேசினார், இதுதான் இந்த இடத்துக்கு நான் நாலு போடுவதற்குக் காரணம். அறுபது மணி நேரம் ஆகிவிட்டது, மாத்திரை இப்போதும் போடலாம், ஆனால் நேரம் ஆக ஆக அதன் பலம் குறையும். அஞ்சு நாளுக்குள் காப்பர்-டி போட்டால் அது இந்தத் தடவைக்கும் தடுக்கும், மாத்திரையைவிட நன்றாகவே தடுக்கும், அப்படியே பத்து வருஷத்துக்கு உள்ளே இருக்கும், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். இது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. காப்பர்-டி என்றால் பிரசவத்துக்குப் பிறகு போடுவது என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்றும் மேஜைமேல் எடுத்து வைத்துக் காட்டினார். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, அந்தரா. சாயா மாத்திரை, இதில் ஹார்மோன் கிடையாது, லக்னோவில் நம் அரசு ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தது, முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. தினமும் போடுகிற மாலா-என். அப்புறம் நிரோத் ஆணுறை. எல்லாம் இலவசம். எனக்குக் கிழமை ஞாபகம் வைத்து மாத்திரை போடுகிற சாமர்த்தியம் கிடையாது, கேஸ் புக் பண்ணவே மறந்துவிடுவேன். காப்பர்-டியே போட்டுவிடுங்கள் என்றேன்.

"அவர்கிட்ட கையெழுத்து வாங்கணுமாக்கா?" என்று நானே கேட்டேன். "உனக்குத்தானே போடறோம், அவருக்கா போடறோம்?" என்றார்.

சிறுநீர் டெஸ்ட் எடுத்து, கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தேன் என்று கேட்டுக்கொண்டு, டாக்டரம்மா வந்து பரிசோதித்துவிட்டுப் போட்டார். பத்து நிமிஷம்கூட இல்லை. வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உள்ளே அளவு பார்க்கிறபோதும் வளையம் போகிறபோதும் அடிவயிற்றைப் பிடித்து முறுக்குகிற மாதிரி இரண்டு தடவை சுருக்கென்று இருந்தது, ஆனால் பிரசவம் பார்த்தவளுக்கு அது ஒரு வலியே இல்லை. அரை மணி நேரம் படுக்க வைத்து, டீ வாங்கிக் கொடுத்து (அக்கா சொந்தக் காசு), தேதி எழுதிய அட்டை ஒன்று தந்தார்கள். காப்பர்-டி 380ஏ, எடுக்க வேண்டிய வருஷம் இது என்று எழுதியிருந்தது. அந்த வருஷத்தில் என் பெண்ணுக்கு 19 வயது இருக்கும் என்று நினைத்தால் தலை சுற்றியது.

குறைகளையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு மட்டும் மூன்று பேர் தனித்தனியாக, "ரெண்டு இருக்குல்ல, ஆபரேஷன் பண்ணிக்கலாமே" என்றார்கள். ஒருவர் சீட்டு போடுகிறவர்! அவருக்கு என்ன வந்தது? நம் மாநிலத்தில் கல்யாணமான பெண்களில் 100-க்கு 58 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் இருக்கிறது, ஆண்கள் 100-க்கு ஒருவர்கூட இல்லை. மூன்று பேரில் ஒருவராவது "உங்க வீட்டுக்காரர் பண்ணிக்கலாமே" என்று கேட்டிருந்தால் இன்னொரு அரை நட்சத்திரம் சேர்த்துப் போட்டிருப்பேன். ஈரானிலேயே ஒரு காலத்தில் கேட்டிருக்கிறார்கள்.

முதல் இரண்டு மாதம் உதிரப்போக்கு அதிகமாகத்தான் இருந்தது. வழக்கமாக நாலு நாள் என்றால் ஏழு நாள், கூடவே வயிற்றுப் பிடிப்பு. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை, வலி மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது மாதம் பரவாயில்லை, இப்போது பழைய மாதிரிதான். ரத்தசோகை இருக்கிறவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது, எனக்கு ஹீமோகுளோபின் பார்த்துவிட்டுத்தான் போட்டார்கள். முதல் மாதவிலக்கு முடிந்ததும் வரச் சொல்லி காப்பர்-டியின் நூல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். நான் போக மறந்தேன், அக்காவே போன் செய்தார். தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரே மெசேஜ், தீபாவளிக்கு முழு உடல் பரிசோதனை தள்ளுபடி.

ஒருவேளை தள்ளிப்போயே இருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் டாக்டரம்மாவிடம் கேட்டேன், மனசுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. முறைப்படி செய்துகொள்ளலாம், 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் சம்மதித்தால் போதும், கல்யாணம் ஆனவரோ ஆகாதவரோ, 18 வயது ஆகிவிட்டால் அந்தப் பெண்ணின் கையெழுத்து மட்டும்தான், கருத்தடை தவறிப்போனது என்பதும் சட்டத்தில் ஒரு காரணம்தான், சேலம் அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவோம், கடையில் யாரோ கொடுக்கிற மாத்திரையை வாங்கி நீயாகப் போட்டுக்கொள்ளாதே என்றார். இதை ஷிராஸ்காரிக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் வரவில்லை. அப்புறம் "அந்த அக்கா போட்டோ அனுப்பு" என்று மட்டும் கேட்டாள். அக்கா போட்டோவுக்கு வெட்கப்பட்டார், அனுப்பவில்லை.

போகிறவர்களுக்கு: தடுப்பூசி நாள் இல்லாத நாளாகப் பார்த்து ஒன்பதரைக்குள் போய்விடுங்கள், ஆதார் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், மெதுவாகத்தான் நகரும், ஒரு சால்வையும் தண்ணீர் பாட்டிலும் தேவைப்படும். மாமியார் விஷயம் என்ன ஆனது என்றால், அடுத்த வாரமே அவருக்குத் தெரிந்துவிட்டது, அக்கா சொல்லவில்லை, நானே உளறிவிட்டேன். "எங்க காலத்துல இதெல்லாம் வெச்சிருந்தா நான் ஏழு பெத்திருப்பேனா" என்று சொல்லிவிட்டுக் கொடியில் துணி எடுக்கப் போய்விட்டார்.

ஐந்துக்கு நாலு. அரை நட்சத்திரம் அந்தச் சத்தமான கூப்பாட்டுக்கும் ஆபரேஷன் அறிவுரைக்கும் போனது. மீதி அரை, கழிவறைக் கதவுக்கு. உள்தாழ்ப்பாள் கிடையாது, சிறுநீர் டெஸ்ட்டுக்கான டப்பாவை ஒரு கையிலும் கதவை இன்னொரு கையிலும் பிடித்துக்கொள்ள வேண்டும். போன வாரம் பையனுக்குக் காய்ச்சல் என்று போனேன், தாழ்ப்பாள் இன்னும் போடவில்லை.